ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்

செம்பவாங் தொகுதிக்கான எங்கள் கட்சி வேட்பாளர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. 1976 டிசம்பர் 11, சனிக்கிழமை. நாளும் கிழமையும் சரி. மற்றது பொய்.

கட்சியின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் இன்றைக்கு அடையாளம் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சேக் தாவூதின் தேநீர்க் கடைக்கு மேல்மாடி. ஒரு நீள மேசை, ஏழு நாற்காலி, நடுவில் தடுப்புப் பலகை, அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய் அடுப்பும் தண்ணீர்க் குழாயும். அதுதான் தலைமையகம்.

செயற்குழுவில் ஐந்து பேர். தலைவர் துரைசாமி, தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியின் தம்பி சுப்பிரமணியம், தஞ்சோங் பகாரில் சிறிய அச்சகம் வைத்திருந்தார், கல்யாணம் ஆகாதவர். ஒலி முகம்மது சந்து முனையில் பத்திரிகைக் கடை நடத்தினார். செல்லக்கண்ணு கப்பல் பட்டறைத் தொழிலாளி. ஐந்தாவது ஆள் என் கணவர் சுவிசேஷமுத்து. செல்லக்கண்ணுவோடு அதே பட்டறையில் வெல்டர். எல்லாரும் முத்து என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்கு அந்தக் குழுவில் இடமும் இல்லை, ஓட்டும் இல்லை. தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்திருந்தேன். எழுத்து சுத்தமாக இருக்கும் என்பதற்காகக் குறிப்பெழுத அழைப்பார்கள்.

திங்கட்கிழமை வேட்புமனு தாக்கல். செம்பவாங்கில் மட்டும்தான் எங்களால் போட்டியிட முடியும். நிற்க விரும்பியவர்கள் இரண்டு பேர்: சுப்பிரமணியம், என் கணவர். சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குள் பெயர் முடிவாக வேண்டும். அப்போதுதான் அன்றே சுவரொட்டி அச்சுக்குப் போகும்.

அந்த வாரம் என் கணவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு புகைப்படம் இருந்தது. டை கட்டிய படம். இவருக்குச் சொந்தமாக டை கிடையாது, ஸ்டூடியோவில் கொடுத்திருப்பார்கள். என்னிடம் சொல்லாமல் போய் எடுத்திருக்கிறார். படத்தில் முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி, மேடையில் நிற்பவர்போல இருந்தார். திரும்பப் பையிலேயே வைத்துவிட்டேன்.

எனக்கு ஏன் பயம் வந்தது என்று சொல்ல வேண்டும். நான்கு வருடம் முன்னால், எழுபத்திரண்டில், என் அண்ணன் லாசரஸ் இதே கட்சிக்காக நின்று தோற்றார். செம்பவாங்கில் தையற்கடை வைத்திருந்தவர். யாரும் அவரை மிரட்டவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்குத் துணி தைக்கக் கொடுப்பவர்கள் அந்த வருடம் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் கடையை மூடிவிட்டு எல்லை தாண்டி ஜொகூருக்குப் போனார். அங்கேயே இறந்தார். சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவர் என் கணவர். அன்றிலிருந்து தேர்தல் என்ற சொல் காதில் விழுந்தால் எனக்கு அந்தப் பெட்டி சாய்ந்து போனதுதான் நினைவுக்கு வரும்.

இதை இவரிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். "அண்ணன் தனியா நின்னார். பட்டறையில என் பின்னால முந்நூறு பேர் இருக்காங்க" என்றார்.

இரண்டு மணிக்குக் கூட்டம் ஆரம்பமானது. வெளியே மழை.

ஒலி முகம்மதுதான் முதலில் பேசினார். "நான் ஒளிச்சுப் பேசலை. மைக்கைப் பிடிச்சா அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ் பேசணும். பத்திரிகைக்காரன் வந்து கேள்வி கேட்டா நம்ம முத்து யெஸ் சார்னு சல்யூட் அடிச்சிட்டு வந்துருவான்லா."

"நீங்க வாங்குற இங்கிலீஷ் பேப்பரை நீங்களே படிக்கிறதில்ல பாய்" என்றார் செல்லக்கண்ணு. "செம்பவாங்குல ஓட்டு போடுறவன் பட்டறைக்காரன். மலாயும் ஹொக்கியன் சீனமும் பேசினாப் போதும். முத்தண்ணனுக்கு ரெண்டும் வரும். சுப்பிரமணியண்ணன் செம்பவாங்குக்கு எந்த பஸ் போகுதுன்னு சொல்லட்டும், நான் இப்பவே கையைத் தூக்கிடுறேன்."

சுப்பிரமணியம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் கார்ல போவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். ஆனால் கை சட்டைப் பையின்மேல் இருந்தது.

"முத்து, தப்பா நினைக்காதே" என்றார் சுப்பிரமணியம். "நின்னா என்ன நடக்கும்னு தெரியாது. நான் ஒத்தை ஆளு. எனக்குன்னு மெஷின் ஒண்ணுதான். உனக்கு வீடு இருக்கு, தங்கச்சி இருக்கு" என்று என்னைக் காட்டினார்.

"என் வீட்டைப் பத்தி நான் பார்த்துக்கிறேன்" என்றார் இவர். குரல் உயரவில்லை. "பட்டறையில போன மாசம் ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு. அதைப் பத்திப் பேச நீங்க என் வாயைக் கடன் கேட்பீங்களா? நானே பேசுறேன்."

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. ஒரு மணி நேரம் பேசினார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவனுக்கு இந்து ஓட்டு விழுமா என்று ஒருவர் கேட்டார். தீமிதிக்குப் போகிறவனுக்கு மற்ற ஓட்டு விழுமா என்று மற்றவர் கேட்டார். நான் எதையும் எழுதவில்லை. மூன்றேகாலுக்குக் கையைத் தூக்கினார்கள். இந்தப் பக்கம் என் கணவர், செல்லக்கண்ணு. அந்தப் பக்கம் சுப்பிரமணியம், ஒலி முகம்மது.

எல்லாரும் துரைசாமியைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன்யா பார்க்கிறீங்க?" என்றார் அவர். "மச்சினனுக்குப் போட்டா குடும்பக் கட்சிம்பான். போடாட்டி இன்னைக்கு வீட்ல எனக்குச் சோறு கிடையாது. நான் போட மாட்டேன்."

மணி மூன்றரை. செல்லக்கண்ணு மேசையைத் தட்டினார். "பூ கட்டிப் பார்த்துடலாம்."

"கல்யாணமா பேசுறோம்?" என்றார் ஒலி முகம்மது.

"சண்டை போட்டுப் பிரிஞ்சு போறதுக்கு அது தேவலாம். ஊர்ல பங்காளிச் சண்டையையே அதுலதான் தீர்ப்பாங்க."

என் கணவர் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். "பன்னிரண்டாவது அப்போஸ்தலரையும் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தாங்க. கடவுள் சொன்னா நான் கேட்டுக்குவேன். இவங்க சொன்னாத்தான் கேட்க மாட்டேன்."

"அது காட்டிக்கொடுத்தவன் இடத்துக்கு ஆள் எடுத்தப்பல்ல?" என்றார் சுப்பிரமணியம். "நல்ல உதாரணம் கண்டுபிடிச்சே."

சுப்பிரமணியத்துக்கு வெள்ளை, என் கணவருக்குச் சிவப்பு என்று முடிவானது. "சிவப்பு வேணாம்லா, எவனாவது பார்த்துட்டு கம்யூனிஸ்டுன்னு சொல்வான்" என்று ஒலி முகம்மது பதறினார். "பூவுல என்ன கட்சி இருக்கு பாய்" என்று துரைசாமி என்னை அனுப்பினார்.

எதிர்ச் சாரியில் லட்சுமியின் பூக்கடை. ஒரு முழம் மல்லிகையும் ஒரு கை சிவப்பு அரளியும் வாழையிலைத் துண்டும் வாங்கினேன். மழையில் நனைந்துகொண்டு மேலே ஏறும்வரை என் மனதில் ஒன்றும் இல்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

"நாங்க பார்க்கக் கூடாது. தடுப்புக்குப் பின்னால போய்க் கட்டிக் கொண்டாம்மா" என்றார் துரைசாமி.

தடுப்புக்குப் பின்னால் நின்றேன். இலையைக் கிழித்து இரண்டாக வைத்தேன். ஒன்றில் மல்லிகையில் பாதியை வைத்து மடித்து, மேலே பத்திரிகைத் தாள் சுற்றி, நாரால் கட்டினேன். அரளியைக் கையில் எடுத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இவர் செல்லக்கண்ணுவிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஜெயித்துவிட்ட மாதிரிச் சிரிப்பு. எனக்குள் அண்ணனின் பெட்டி சாய்ந்தது.

அரளியை என் கைப்பைக்குள் போட்டேன். மீதி மல்லிகையை இரண்டாவது இலையில் வைத்துக் கட்டினேன். நார் இரண்டு முறை அறுந்தது.

இரண்டு பொட்டலத்தையும் மேசைமேல் வைத்தபோது ஒலி முகம்மது மூக்கைச் சுருக்கினார். "மல்லி வாசனை அடிக்குது. எடுக்கிற ஆளு மூக்காலயே ஓட்டு போட்டுருவான்."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தாவூது பாயைக் கூப்பிடுங்க" என்றார் செல்லக்கண்ணு. "மூணு நாளா மூக்கடைப்பு. அவர் போடுற டீயில இஞ்சி இருக்கா இல்லையான்னே அவருக்குத் தெரியலை."

சேக் தாவூது கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இப்படியா எம்.பி. எடுக்கிறீங்க? அடுப்புல பால் இருக்கு, சீக்கிரம்" என்றார். ஒலி முகம்மது தன் கறுப்புத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். துரைசாமி பொட்டலங்களை அதில் போட்டுக் குலுக்கினார். "அவங்கவங்க சாமியை அவங்கவங்க கும்பிட்டுக்குங்க."

என் கணவர் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டிருக்க வேண்டும். கை வரவில்லை.

தாவூது "பிஸ்மில்லா" என்று ஒன்றை எடுத்தார். துரைசாமி நாரைப் பிரித்தார். இலை விரிந்தது. வெள்ளை.

சுப்பிரமணியம் முதலில் எழுந்து இவர் தோளைத் தொட்டார். இவர் அவர் கையைப் பிடித்து, "நல்லா நில்லுங்க" என்றார்.

செல்லக்கண்ணுதான் விடவில்லை. "எதுக்கும் மத்ததையும் பிரிச்சுப் பார்த்திரலாம். முறைன்னா முறை."

"ஆமா, அதையும் பிரி" என்று ஒலி முகம்மது தொப்பியை நோக்கிக் கையை நீட்டினார்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

ஒலி முகம்மதுக்கு முன்னால் இவர் கை தொப்பிக்குள் போனது. பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் புகைப்படத்தோடு வைத்துக்கொண்டார். "தோத்த பூவைப் பார்த்து என்ன ஆகப்போகுது? விடுங்க பாய், தொப்பி நனைஞ்சு போச்சு" என்றார்.

"ஒருமனதான்னு எழுதும்மா" என்றார் துரைசாமி. "பூ கட்டினதையெல்லாம் எழுதாதே. சிரிப்பாங்க." எழுதினேன்.

செம்பவாங் பேருந்தில் நானும் இவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். மழைக்காகச் சன்னலையெல்லாம் ஏற்றிவிட்டிருந்தார்கள். இரண்டு நிறுத்தம் போவதற்குள் வண்டி முழுக்க மல்லிகை மணம். நனைந்த பூ உடம்புச் சூட்டில் இன்னும் அதிகமாக மணக்கும். முன்னால் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா திரும்பி என் கொண்டையைப் பார்த்தாள். பூ எங்கே என்று தேடியிருப்பாள்.

இவர் நேரே பார்த்துக்கொண்டு வந்தார். அரளிக்கு இப்படி மணம் கிடையாது. அது எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும், வீட்டுக்குப் பின்னால் அரளிச் செடி இருந்தது.

நிறுத்தம் வரப்போகும்போது இவர் மெதுவாகச் சொன்னார்: "உன் தலையில பூ இல்லையே, பிலோமினா."

"இல்லை" என்றேன்.

"ம்" என்றார். இறங்கினோம். வீட்டு வாசலில் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். நார் அவிழ்க்கப்படவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். நற்கருணை வாங்க இவர் எழுந்து போனார். நான் முழங்காலிலேயே இருந்தேன். திரும்பி வந்தவர் என் பக்கத்தில் மண்டியிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

பிற்பகல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. துரைசாமியிடம்தான் போகிறார், சொல்லத்தான் போகிறார் என்று உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. திங்கள் பன்னிரண்டு மணிக்குள் பெயரை மாற்றலாம். என்னை ஐந்து பேர் முன்னால் நிறுத்தலாம். சுப்பிரமணியத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசித்துப் பார்த்தேன். அதைவிட, இவரே நின்று, அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசலில் யாரும் வராமல் போவதையும் யோசித்துப் பார்த்தேன். மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். கால் முழுக்கச் சேறு. மேசையில் ஒரு தாளை வைத்தார். அதில் நான்கு பெயர்.

வேட்புமனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர், அவர்கள் தவிர இன்னும் நான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். சுப்பிரமணியத்துக்குச் செம்பவாங்கில் ஒருவரையும் தெரியாது. இவர் மழையில் வீடு வீடாகப் போய் அவருக்காக நான்கு பேரைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"நான் முன்மொழியுறேன். செல்லக்கண்ணு வழிமொழியுறான்" என்றார். அன்று என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை மனு வாங்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் கூடினோம். நான் வீட்டில் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பத்து மணிக்கு வர வேண்டிய நால்வரில் மூன்று பேர் வந்தார்கள். நாலாவது ஆள் பதினொன்றுக்கும் வரவில்லை. செல்லக்கண்ணு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவன் சம்சாரம் கதவைத் திறக்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள அவன் இருமுறது எனக்குக் கேட்குது. வர மாட்டான்."

பதினொன்றரை. துரைசாமி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சுப்பிரமணியம் வெள்ளைச் சட்டையில், வியர்த்து, கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடையில் இருந்த இரண்டு பேரைக் கேட்டோம். ஒருவர் சிரித்து மழுப்பினார். இன்னொருவர் காப்பியை முடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

என் கணவர் மனுவை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

"உன் பேரு செம்பவாங் பட்டியல்ல இருக்கு."

"என்னங்க..."

"பலகையில ஒட்டுவாங்க. எல்லாரும் படிப்பாங்க. முதல்ல என் பேரு, கடைசியில உன் பேரு." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "பயமா இருந்தா போடாதே. போடலைன்னா செம்பவாங்குல நாம நிக்கலை, அவ்வளவுதான். நான் வற்புறுத்தலை. ஆனா இந்தத் தடவை மறைவா எதுவும் வேணாம். எல்லாரும் பார்க்க, போடுறேன்னு சொல்லு, இல்ல மாட்டேன்னு சொல்லு."

"நேரமாகுது தங்கச்சி" என்றார் துரைசாமி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

சுப்பிரமணியம் என்னைப் பார்த்தார். வீட்டில் யாருமில்லாத ஆள். அவரைத்தான் நான் அந்தப் பெட்டிக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

கையெழுத்துப் போட்டேன். பிலோமினம்மாள். குறிப்பேட்டில் எழுதுவதுபோல் வரவில்லை; எழுத்து கோணலாக விழுந்தது. பன்னிரண்டுக்கு ஒன்பது நிமிடம் இருக்கும்போது மனுவை உள்ளே கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் அது பலகையில் ஏறியது. மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்று படித்தார்கள். என் பெயரையும் படித்தார்கள்.

சுப்பிரமணியம் தோற்றார். என் கணவர் பத்து நாள் அவரோடு கொட்டும் மழையில் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினார். மேடையில் பேச இவரைக் கூப்பிட்டபோது மட்டும் மறுத்துவிட்டார்.

அதன் பிறகு எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டறையில் இவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுத்துவிட எப்போதும்போல எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். கதவைத் திறக்காத அந்த ஆள்கூட வந்தார். சுப்பிரமணியத்தின் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அண்ணனுக்கு ஏன் அப்படி ஆனது, எங்களுக்கு ஏன் ஆகவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எண்பதில் அடுத்த தேர்தல். துரைசாமி குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "இந்தத் தடவை போட்டியே இல்ல முத்து. நீதான். பூவும் வேணாம், காயும் வேணாம்" என்று சிரித்தார்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார் இவர்.

மூன்று நாள் என்னை அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் காத்திருந்தேன். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கும்போது. நானாகச் சொல்வேன் என்று அவரும் காத்திருந்திருக்க வேண்டும். நாலாம் நாள் கீழே பொதுத் தொலைபேசிக்குப் போய்த் துரைசாமியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்து, குழம்புக்கு உப்பு கொஞ்சம் கம்மி என்றார்.

எண்பத்தாறில் நெஞ்சுவலியில் போனார். பட்டறை ஆட்கள் வந்தார்கள். முந்நூறு பேர் இல்லை. எண்ணத் தோன்றவில்லை, ஆனால் பெட்டியைத் தூக்க முறை வைத்து மாற வேண்டியிருந்தது. பீடத்தின் பக்கத்தில் வைக்கப் படம் கேட்டார்கள். டை கட்டிய படத்தைக் கொடுத்தேன். ஒரு மூலையில் பூச்சாறு பட்ட பழுப்புக் கறை. செல்லக்கண்ணு அதைத் துடைக்கப் பார்த்தார். போகவில்லை.

எண்பதில் அவர் கேட்டிருந்தால் நில்லுங்கள் என்று சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதிவிடலாம். அவர் இல்லாத வீட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், மறுக்க ஆளில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் என் கைப்பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் நாலு வருடத்துக்கு முந்தைய அரளி, தூளாகி, தையல் ஓரத்தில் ஒட்டியிருந்தது. நான் அதை எடுத்து உதறியிருக்கலாம். உதறவில்லை.